ஓடி வரத் தோன்றினால் மட்டும்

என் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரே ஓர் அறை, ஒரு டிரஸ்ட்டின் ஆபீஸ். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஊர் வைத்த பெயர் டாட்டா டீச்சர். உண்மையில் அவர் டீச்சரே இல்லை. சுற்றுக் கிராமங்களில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள், காலேஜ் போகலாமா, போனால் எங்கே, எதைப் படிப்பது என்று அவரிடம் கேட்க வருவார்கள். "பொண்ண அவ்வளவு தூரம் எப்படிங்க விடறது?" என்று இழுக்கும் அப்பன்மாரோடு மல்லுக்கு நிற்பதும் அவர்தான். கடைசியில் பிள்ளைகளை பஸ் ஏற்றிக் கையாட்டிவிட்டு வருவார். அதனால் டாட்டா.

பஸ் கிளம்புமுன் எல்லாரிடமும் இதைத்தான் சொல்வார்: "நல்லா இருந்தா எனக்குப் போன் பண்ணாதே. மூட்டை கட்டிட்டு ஓடி வரணும்னு தோணுச்சுன்னா மட்டும் பண்ணு. வீட்டுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லு."

ஆரம்பத்தில் நன்றாக இருந்தவர்கள்தான் கூப்பிட்டார்களாம். அழுதுகொண்டிருந்தவர்கள், டீச்சரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று பேசாமல் படிப்பை விட்டுவிட்டார்களாம். அதற்காக இப்படியொரு சட்டமா? ஒண்டிக்கட்டை. வீட்டுக்குப் போனால் பேச ஒரு ஜீவன் கிடையாது. "உங்க போனுக்கு எதுக்கு டீச்சர் சார்ஜு?" என்று வாயைக் கிளறுவேன். "அது அடிக்கலைன்னா என் வேலை நடந்திருக்குன்னு அர்த்தம்க்கா" என்பார். பெரிய வேலை!

இந்த வருஷம் ஆட்டுக்காரர் மகள் வந்தாள். சரியான வாயாடி. நர்ஸிங் என்று முடிவான பிறகும், காலேஜ் திறக்கும்வரை தினமும் வந்து மாடியைப் பெருக்கி, டீச்சரின் டிபன் டப்பாவில் பாதியைக் காலி பண்ணி, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டு நானே படியேறி எட்டிப் பார்த்தேன். உதவிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ள அப்போதுதான் டிரஸ்ட்டிலிருந்து டீச்சருக்கு அனுமதி வந்திருந்தது. நாற்காலி கூட வாங்கிப் போட்டாயிற்று. ஆனாலும் அவளுக்கும் டாட்டா காட்டிவிட்டார்.

ஒரு சாயங்காலம் டீச்சர் என் கடையில் நின்றபோது போன் அடித்தது. அந்த வாயாடியின் அழுகை எனக்கே கேட்டது.

"அத்தை, கிளாஸ்ல ஒண்ணுமே புரியல. வாயத் திறந்தா சிரிக்கிறாங்க. நான் வந்துடறேன். உங்ககிட்டயே வேலைக்குச் சேந்துக்கறேன். உங்களுக்கும் யாரும் இல்லையில்ல?"

டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். 'வா' என்ற சொல் உதடுவரை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது.

"இங்க ஆள் போட்டாச்சும்மா" என்றார்.

அடிப்பாவி! எந்த ஆள்? மேலே நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

"நாளைக்கு மொத பெஞ்சுல உக்காரு. புரியலைன்னா அங்கயே கேளு. சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். என்னாச்சுன்னு சாயங்காலம் எனக்குச் சொல்லு."

மறுநாள் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும். சாயங்காலமானால் டீச்சர் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிடுவார். முதலில் அழுகை, பிறகு ஹாஸ்டல் புகார், பிறகு புதுத் தோழியின் கதை. பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் போன் வரவில்லை. மறுநாளும் இல்லை.

நான் ஷட்டரை இறக்கப் போனேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, எனக்கு ஒரு ரிங் குடுங்களேன். போன் வேலை செய்யுதான்னு பாப்போம்."

கொடுத்தேன். அவர் மடியில் கணீரென்று அடித்தது. கட் பண்ண எனக்கு மனசு வரவில்லை. அதுவாக ஓயட்டும் என்று விட்டுவிட்டேன்.

"போன் நல்லாத்தான் இருக்கு" என்றார். "அப்ப அவளும் நல்லா இருக்கா."