அழித்த படம் எங்கே போகிறது?

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து, கலியாணங்கள் மும்முரமாகத் தொடங்கிய நேரம். கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. இன்றைக்கும் அதை யாருக்காவது சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் எனக்கே தலை சுற்றும்.

நான் கலியாணங்களில் பெண்கள் பக்கம் மட்டும் படம் எடுப்பவள். மணப்பெண் முக்காடு இல்லாமல், பூவும் நகையுமாக இருக்கும் படங்கள். அந்நிய ஆண் கண்ணில் படாது என்ற நம்பிக்கையில்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். வீட்டுக் கம்பியூட்டரில் வைத்தால் கணவரோ தம்பியோ தற்செயலாகத் திறந்துவிடலாம். அதனால் இணையத்தில் மாத வாடகைக்கு ஒரு சேர்வர் எடுத்து, படங்களை அங்கே ஏற்றிவிட்டு வீட்டில் இருப்பதை அழித்துவிடுவேன். என்னைப் போல் கவனமானவள் இந்த ஊரில் இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அன்று பாலமுனை மணப்பெண் ஒருத்தியின் ஆல்பம் முழுவதையும் சேர்வரிலிருந்து கைதவறி அழித்துவிட்டேன். வேறு பிரதி இல்லை. கொழும்பில் கம்பியூட்டர் வேலை பார்க்கும், கணவரின் தங்கையான என் மச்சிக்கு அழுதுகொண்டே போன் எடுத்தேன். அவள் அங்கிருந்தபடியே என் சேர்வருக்குள் நுழைந்து, அழிந்ததை மீட்கும் சொப்ட்வெயார் ஒன்றை ஓடவிட்டாள்.

படங்கள் என் திரையில் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. மணப்பெண் வந்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அடுத்து வந்தது நான் எடுத்த படமே இல்லை. எந்த நாடென்று தெரியாத ஒரு சமையலறை. தலைமுடி அவிழ்ந்து கிடக்க, வீட்டு உடுப்போடு ஒரு பெண், மடியில் குழந்தையை வைத்துச் சிரிக்கிறாள்.

"இது ஆருகா?" என்றேன்.

மச்சி அந்தப் படத்தின் திகதியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு முந்தி அந்த இடத்த வாடகைக்கு எடுத்த ஆள்ட படம் போல."

"எண்ட சேர்வருக்குள்ள அவ எப்படிகா வந்த?"

நான் தனி மெஷின் என்று நினைத்தது தனி மெஷினே இல்லையாம். எங்கோ இருக்கும் பெரிய மெஷின் ஒன்றைப் பல துண்டாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனி மெஷின் போலக் காட்டுகிறார்களாம். "நம்மட மண்டபத்தில ஆம்பிளயளுக்கும் பொம்பிளயளுக்கும் நடுவுல திரை கட்டுவாங்கதானே, அப்படித்தான். ஒரு ஆள் வெளிக்கிட்ட பொறவு கூட்டித் துடைக்காம மற்ற ஆளுக்குக் குடுத்திரிக்காங்க. நாம அழிச்சாலும், மேல வேற ஒண்டு வந்து விழுற வரைக்கும் படம் அங்கதான் கிடக்கும்" என்றாள்.

விளங்கின மாதிரியும் இருந்தது, விளங்காத மாதிரியும் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் பளிச்சென்று விளங்கியது. இதற்கு முன் நான் வேறொரு நிறுவனத்தில் இதே போல் ஒரு சேர்வர் வைத்திருந்தேன். படங்களை எல்லாம் அழித்துவிட்டுத்தான் அதைக் கைவிட்டேன். அந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்?

அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை என்று மரியாதையாகப் பதில் வந்தது. நான் கேட்டதற்கு ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

மறைக்க மனம் கேட்கவில்லை. அந்தப் பழைய சேர்வரில் படம் இருந்த மணப்பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்துச் சொன்னேன். பொத்துவிலில் இருப்பவள் பொறுமையாகக் கேட்டாள்.

"லாத்தா, நீங்க அழிச்சீங்கதானே?"

"ஓம் மனே, அழிச்சன்."

"அழிச்சா இல்லதானே? மறுகா ஏன் பயப்படுறீங்க?"

ஒருவேளை ஒன்றும் ஆகியிராது. ஒருவேளை ஆகியிருக்கும். எது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போது மச்சி காட்டித் தந்தபடி படங்களைப் பூட்டுப் போட்டே ஏற்றுகிறேன், திறக்கும் சொல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. போனவற்றுக்குப் பூட்டுப் போட முடியாதே.

அந்தச் சமையலறைப் பெண்ணின் படத்தை அன்றே அழித்துவிட்டேன். ஆனால் மூடுவதற்கு முன், ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தேன். என் மணப்பெண்களை எங்காவது யாராவது திறந்திருந்தால், அவரும் அந்த ஒரு கணத்தோடு மூடியிருக்க வேண்டும் என்றுதான் தொழுத பிறகு கையேந்தும்போதெல்லாம் கேட்கிறேன்.