பிரேக் பிடிக்காத கட்டில்

எங்கள் பெரியப்பா பஸ் ஓட்டிய காலம் முழுக்க ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அடித்ததெல்லாம் ரிட்டயர் ஆன பிறகு, தூக்கத்தில்.

மத்தியானம் சாப்பிட்டுக் கண் அசருவார். கொஞ்ச நேரத்தில் கட்டில் ரோட்டுக்கு வந்துவிடும். இறக்கம், பிரேக் பிடிக்காது, எதிரே ஜனக்கூட்டம். வலது கால் சுவரை உதை உதையென்று உதைக்கும். பெருவிரல் நகம் பெயர்ந்து சுண்ணாம்பெல்லாம் ரத்தம். டயருக்கடியில் எலும்பு நொறுங்குவதுகூடக் கேட்குமாம். அலறி எழுந்து, "எத்தனை பேர்டா?" என்பார்.

"சுவருக்கு மட்டும்தான் காயம் பெரியப்பா."

போன வாரம் ஸ்டியரிங்கை ஒடித்த முழங்கை, பக்கத்தில் படுத்திருந்த பெரியம்மா மூக்கில் இறங்கியது. எலும்பு உடைந்து, தலையணை ரத்தத்தில் ஊறிப்போய், முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ் முறைத்த முறைப்பில் மனுஷன் பாதியாகிப் போனார். கல்யாணம் ஆன நாளிலிருந்து பெரியம்மாவை ஒரு அதட்டல் போடாதவர்.

வீட்டுக்கு வந்ததும் பையில் துணியைத் திணித்தார்.

"எங்க கிளம்பியாச்சு?"

"டெப்போ பக்கம் ரூம் பாத்திருக்கேன். அடுத்த அடி கழுத்துல விழுந்தா செத்துடுவடி."

"செத்தா நானாவது நிம்மதியாத் தூங்குவேன். பையக் கீழ வைங்க."

வைக்கவில்லை. வாசலைத் தாண்டி நடந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் விளையாட்டு விசிலை எடுத்து ஒரே ஒரு ஊது. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்தணும், ரெண்டு கொடுத்தால் எடுக்கணும். தெருவில் அவர் நடக்கும்போதெல்லாம் விளையாட்டுக்கு இப்படித்தான் ஓட்டுவேன். வலது கால் தரையை அழுத்த, அப்படியே நின்றார். பிறகுதான் என்னைத் திட்டினார்.

ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "அந்த விசிலக் கொடு" என்றாள்.

மறுநாள் மத்தியானம் கால் உதைக்கத் தொடங்கியது. கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் நீளமாக ஒரு விசில் ஊதினாள். மூக்குக்கட்டு சிவந்தது. கால் சுவரை அழுத்திப் பிடித்து, நின்றது.

கண் திறக்காமலே கேட்டார்: "யாருக்கும் அடி இல்லையே?"

"ஒருத்தருக்கும் இல்ல. எல்லாரும் இறங்கிட்டாங்க."

"நீயும் இறங்கிடு."

"கண்டக்டர் எங்கங்க பாதியில இறங்குறது?"