கல்கரடி தோர்குன்

எங்கள் ‘ஹவ்சூலா’ சுற்றுலாக் கப்பலில், கரையில் கடலில் விலங்கைக் கண்டு சொல்கிற தோர்குன் வாயைத் திறந்தாலே என் சூப் ஆறிப்போகும். நான் சமையல்காரன். தொண்ணூறு பயணிகளுக்கும் மீன் சூப்பைச் சுடச்சுட ஊற்றி வைத்திருப்பேன். ஒலிபெருக்கியில் அவள் குரல் வரும்: “இடது பக்கம் பனிக்கரடி!” அவ்வளவுதான், சாப்பாட்டுக்கூடம் காலி.

நிஜமாகவே கரடி என்றால் பொறுத்துக்கொள்வேன். ஆனால் வடதுருவத்துக்குப் பக்கத்து ஸ்வால்பார் தீவுகளின் கரைகளில் வெளிறிய மஞ்சள் கற்களுக்குப் பஞ்சமே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் கரடி படுத்திருக்கிற மாதிரியே இருக்கும். இந்தக் கடலில் திரிகிற எல்லாரும் ஒருமுறையாவது ஏமாந்திருப்போம். அதற்குக் ‘கல்கரடி’ என்று பெயரே உண்டு. தோர்குனுக்குப் போன கோடையில் மட்டும் பதினொரு கல்கரடி.

அவள் வர்தோ ஊர்க்காரி. வீட்டில் உட்காரத் தெரியாதவள். “நானா, கடலா?” என்று புருஷன் ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டான். அன்று சாயங்காலமே மூட்டை கட்டிவிட்டாள். இருபத்துமூன்று கோடைகளாக மேல்தளக் கண்ணாடி அறையின் உயரமான நாற்காலிதான் அவளுக்கு வீடு. திமிங்கிலம் மூச்சு விடுகிற விதத்தைப் பார்த்தே அது என்ன இனம் என்று சொல்லிவிடுவாள். கரடி விஷயத்தில் மட்டும் ஆசை கண்ணை மறைத்துவிடும்.

இந்த வருஷம் புதுக் கேப்டன் ஐலர்ட் வந்தார். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு கல்லைக் கரடின்னு சொன்னே, கீழ போய் உருளைக்கிழங்கு உரி. நாற்காலி வேற ஆளுக்கு.”

மூன்றாம் நாள், என் சூப் மேசைக்குப் போன அதே நிமிஷத்தில் குரல் வந்தது. “வலது பக்கம் கரடி! படுத்திருக்கு!”

கப்பல் திரும்பியது. சட்டம் அனுமதிக்கிற தூரம்வரை போய் நின்றது. அதற்குமேல் நெருங்கக் கூடாது. பயணிகள் படம் எடுத்துத் தள்ளினார்கள். வெர்னர் என்று டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு முன்னாள் தபால்காரர். இது அவருக்கு மூன்றாவது பயணம், ஒரு கரடியைக்கூடப் பார்த்ததில்லை. மனுஷர் தேம்பித் தேம்பி அழுதாராம்.

மேலே கேப்டன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் சொல்லியிருக்கிறார்: “கல்லுதான். பேசாம இரு. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. நானும் எதையும் பாக்கல.”

சும்மா இருந்தால் நாற்காலி தப்பித்திருக்கும். இருந்தாளா? ஒலிபெருக்கி கரகரத்தது. “மன்னிச்சுக்கோங்க. அது கல்லு.”

அரைமணி நேரத்தில் என் அடுக்களைக்கு வந்து நின்றாள். “கத்தி எங்க?”

“வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?”

“அந்த மனுஷன் ஒரு கல்லைப் பாத்து அழறார்ப்பா. எப்படி இருப்பேன்?”

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. உரிக்கவும் தெரியவில்லை. தோலோடு பாதிக் கிழங்கு போனது. கேப்டன் சொன்ன சொல்லில் நின்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டிருந்தோம். கிழங்கும் கையுமாகத் தோர்குன் வட்ட ஜன்னலருகே அப்படியே நின்றுவிட்டாள். “அங்க பாரேன்...”

“கல்லு,” என்றேன், திரும்பாமலே.

அவள் மேலே யாருக்கும் சொல்லவில்லை. வெளியே ஓடினாள். சாப்பாட்டு மேசையில் கழுத்தில் துண்டும் பைனாகுலருமாக இருந்த வெர்னரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“கரடியா?” என்றார் அவர்.

“தெரியல. கொஞ்சம் பொறுங்க, நகருதான்னு பாப்போம்.”

ஒரே ஜன்னலில் மூன்று முகங்கள். பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது எழுந்து உட்கார்ந்து வயிற்றைச் சொறிந்தது. வெர்னர் என் கையை நொறுங்கப் பிடித்தார். அடுப்பில் சூப் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

காபிக்கு வந்த கேப்டன் எட்டிப் பார்த்துக் கத்தினார். “கரடி! ஏன் மேல சொல்லல?”

“கிழங்கு உரிக்கிறவளுக்கு மைக் எதுக்கு?”

அவர் படிகளில் தாவி ஓடினார். அதற்குள் கரடி மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. அது உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கல் மட்டும் கிடந்தது. “இடது பக்கம் கரடி!” என்று ஒலிபெருக்கியில் கேப்டன் குரல் முழங்கியது. தொண்ணூறு பேரும் ஓடிப்போய் அந்தக் கல்லைப் படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். ஒலிபெருக்கி இன்னொருமுறை கரகரத்தது. ஒரு வார்த்தையும் வரவில்லை. அணைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கேப்டன் கீழே வந்தார். முகம் சிவந்திருந்தது. “தோர்குன், நாளைக்கு மேல வந்து உன் நாற்காலியில உக்காரு.”

“மறுபடியும் கல்லைத்தான் கரடின்னு சொல்லுவேன். பரவாயில்லையா?”

“சொல்லித் தொலை. அப்புறம் அது கல்லுன்னும் நீயே சொல்லிடு. எனக்கு வாய் வரல.”