குடலோடு வந்த விரால்

1. முதல் நாள்

கந்தோர் வேலை என்றதும் மேசையில் எழுதும் வேலை என்று நினைத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனவன் நான். வாவிக் கரையில் இருந்த அந்த மீன் ஆய்வுக் கந்தோரில் முதல் நாளே என் கையில் கத்தரிக்கோலையும் ஒரு விராலையும் தந்தார்கள். வயிற்றைக் கிழித்து, குடலை நீளவாக்கில் வெட்டி, தண்ணீர்த் தட்டில் அலசிப் புழு தேட வேண்டும். உள்நாட்டுச் சண்டைக்கு முந்தின வருசங்கள் அவை. பிறகு எத்தனை குடல் வெட்டினேனோ, யார் கண்டது. இப்போதும் சோற்றுக்கு உட்காருமுன் கையை இரண்டு தரம் மோந்து பார்க்கிறேன்.

எங்கள் துரை ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். மட்டக்களப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். வெளியே பார்த்தால் எல்லா விராலும் ஒன்றுதான். "மூஞ்சியப் பாராத. குடலப் பாரு. எந்தக் குளத்து மீனெண்டு புழு சொல்லும்," என்பார். ஒரு குளத்து மீனில் இருக்கும் புழு அடுத்த குளத்து மீனில் இல்லையென்றால், இரண்டும் கலப்பதில்லை என்று அர்த்தம். வித்தை அவ்வளவுதான்.

2. பெட்டிசம்

கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே வயலுக்குள் இரண்டு குளங்கள். பெரியது மேட்டுக் குளம், சின்னது பள்ளக் குளம். மேட்டுக் குளத்துக்காரர் அரசாங்கத்துக்குப் பெட்டிசம் போட்டார்கள்: "எங்கள் மீன் பள்ளக் குளத்தில்தான் குஞ்சு பொரிக்கிறது, மாரி வெள்ளத்தில் ஏறி வருகிறது, அங்கே வலை போடுவதைத் தடை செய்யுங்கள்." பள்ளக் குளத்தை நம்பி ஆறு குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு வயலும் இல்லை, வேறு தொழிலும் இல்லை.

மேட்டுக் குளத்து விராலை முதலில் வெட்டினோம். அநேகமாக எல்லாக் குடலிலும் தலையில் முள்வைத்த வெள்ளைப் புழு. பள்ளக் குளத்திலிருந்து இருபது விரால் கொண்டுவா என்று துரை என்னை அனுப்பினார்.

ஆறு குடும்பத்துக்கும் தலைவர் கணபதியண்ணன். "துரைக்கு இருபது நல்ல விரால் வேணும். நாளைக்கு வாறன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் இவர்களுக்கு என்ன விளங்கும் என்ற எண்ணம். உத்தியோகத் திமிர்தான், வேறென்ன.

3. தங்கம்மை அக்கா செய்த மரியாதை

மறுநாள் போனால், கணபதியண்ணனின் மனைவி தங்கம்மை அக்கா புதுப் பெட்டியில் விராலை அடுக்கி வைத்திருந்தார். சாம்பல் போட்டுத் தேய்த்து, உப்பில் கழுவி, மஞ்சள் தடவி, பளபளவென்று. குடல் ஒன்றிலும் இல்லை.

"குடல் எங்க அக்கா?"

"அத நாய்க்குப் போட்டாச்சு. ஏன்கா தம்பி, பெரிய மனிசருக்குக் குடலோடயா மீன் குடுக்கிற? எங்களுக்கு மரியாத தெரியாதெண்டு நினைச்சிருவார்."

எனக்கு அழுகையே வந்தது. தொட்டியில் உயிரோடு மிஞ்சியிருந்தது நாலே நாலு. அதை வாங்கிக்கொண்டு வெயிலில் துறைவரைக்கும் நடந்தேன். கால் கொதித்தது. தோணிக்குக் காத்திருந்த ஒரு மீன்காரனின் கூடையில் விரால் துள்ளிக்கொண்டிருந்தது. பதினாறு எடுத்தேன். எந்தக் குளம் என்று கேட்கவில்லை. கேட்டால் திரும்பி நடக்க வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும்.

4. ஐந்தாவது குடல்

தொட்டி மீன் நாலையும் முதலில் எடுத்து வைத்தேன். நாலு குடலும் சுத்தம். ஐந்தாவதைத் துரை அலசினார், வெள்ளைப் புழு. ஆறாவதிலும் அதே.

"கணபதி பாவம். ரெண்டும் ஒரே மீன்தான். தடை போடச் சொல்லி எழுதத்தான் வேணும்," என்று துரை கடதாசியை இழுத்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் நின்றேன். வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது. சொல்லாவிட்டால் அங்கே ஆறு அடுப்பு. அவர் நாலு வரி எழுதும்வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஐயா, பள்ளக் குளத்து மீன் முதல் நாலுதான். மிச்சம் துறையில வாங்கினது."

துரை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடதாசியைக் கிழித்தார். "போ. இருபது கொண்டுவா. கணபதியையும் கூட்டிக்கொண்டு வா," என்றார்.

திரும்பவும் அந்த நடை. இந்த முறை தங்கம்மை அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன், துறையில் செய்ததைத் தவிர. "இத அண்டைக்கே சொல்லியிருந்தா நான் கத்தியத் தொட்டிருப்பனா?" என்றார். இருபது விராலையும் உயிரோடு தூக்கிக்கொண்டு, கணபதியண்ணனோடு கந்தோருக்குத் திரும்பினேன்.

இருபது குடலும் கணபதியண்ணன் பார்க்க வெட்டினோம். ஒன்றிலும் அந்தப் புழு இல்லை. குளம் தப்பியது.

5. மிச்சம்

துரை மாற்றலாகிப் போகும்வரை, நான் எந்தப் போத்தலில் லேபல் ஒட்டினாலும் "இது எங்கத்த மீன்?" என்று ஒரு தரம் கேட்பார். மற்றவர்களைக் கேட்கமாட்டார்.

இந்த வேலைக்கு வரும் இளம்பிள்ளைகளே, ஒருவரிடம் ஒன்று கேட்டால் எதற்கென்றும் சொல்லிக் கேளுங்கள். களைத்த காலோடு எடுத்த ஆய்வு மாதிரியை நம்பாதீர்கள், அது நீங்களே எடுத்ததானாலும்.

பள்ளக் குளத்திலிருந்து ஒவ்வொரு மாரி கழிந்ததும் என் வீட்டுக்கு ஒரு விரால் வரும். கழுவாமல், குடலோடு. "தம்பிதான் எங்கட குளத்தக் காப்பாத்தின. தம்பிக்குக் குடலோட குடுக்கிறதுதான் மரியாத," என்று தங்கம்மை அக்கா சொல்லி அனுப்புவார். என் மனைவி முணுமுணுத்துக்கொண்டே கழுவுவாள். துறையில் வாங்கிய பதினாறு மீனைப் பற்றி அக்கா கண்மூடும்வரை நான் சொல்லவில்லை. அந்தக் குழம்பை ஒரு நாளும் நான் ருசித்துத் தின்றதில்லை.