கண்மாயில் ஊறிய சரக்கு

தூண்டில்காரன் எந்தக் கண்மாயில் மீன் பிடிக்கிறான் என்பதை வெளியே சொல்லமாட்டான். தெரிந்தால் ஊரே வந்து கரையில் குந்திவிடும் என்ற பயம். நான் சொல்லாததற்குக் காரணம் வேறு. அந்தப் பெயரை எழுதினாலே எனக்குக் குமட்டுகிறது. ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பட்டாசு லேபிள் அச்சடிக்கிற தொழில். உள்ளே இருக்கிற வெடியைவிடப் பெட்டிமேல் இருக்கிற புலி அதிகம் பயமுறுத்த வேண்டும் என்பது எங்கள் தொழில் தர்மம். வாரமெல்லாம் மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மீன் பிடிக்க என்று சொல்லக்கூடாது. மண்புழுவுக்கு நீச்சல் பழக்க என்று சொல்லலாம். தக்கை அசைவதற்குள் நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன்.

கூட வருகிறவர் ஓர் அண்ணாச்சி. சின்னதாக ஒரு பட்டாசு ஆலை வைத்திருக்கிறார். என்னிடம் லேபிள் வாங்குகிறவர். அவர் கைக்கு மீன் தானாக வந்து ஏறும். பிடித்ததை எல்லாம் என் பையில் போட்டுவிடுவார். "எங்க வீட்ல சுத்தம் பண்ண ஆளில்ல பாய், நீங்க கொண்டு போங்க" என்பார். வருஷக்கணக்காக இப்படித்தான். இம்புட்டுப் பெரிய மனசா என்று நான் வீட்டில் சொல்லிச் சொல்லி வியந்திருக்கிறேன்.

போன கார்த்திகையில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்று மாதத்தில் நிற்க வேண்டிய வாந்தி ஏழாவது மாதமும் நிற்கவில்லை. இட்லி நிற்காது, கஞ்சி நிற்காது, பிரியாணி வாசனைக்கே கொல்லைப்பக்கம் ஓடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கொடுத்த கெண்டையைக் குழம்பு வைத்தோம். சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். வாந்தி இல்லை. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, "என்ன குடுத்தீங்களோ அதையே குடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆக, அடுத்த ஞாயிறு ஒரு வீடே என் தூண்டிலை நம்பி இருந்தது. நம்பக்கூடாத இடத்தில் நம்பிக்கை வைப்பது எங்கள் குடும்ப வழக்கம்.

"புடிச்சாத்தான் வீட்டுக்கு வரணும்" என்றாள் என் மனைவி. "குடலு, செதிலு எல்லாம் அங்கனயே எடுத்துட்டு வாங்க. இவளுக்கு அந்த வாடை ஆகாது."

"புடிக்கலைன்னா?"

"அங்கனயே இருந்துக்கோங்க. தக்கைக்குத் துணையா இருக்கும்."

கண்மாய்க் கரையில் ஏறியதும் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. வழக்கமான நாற்றம் எனக்குப் பழக்கம்தான். கோழிக்கடைக்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, யாரோ வீசிய குழந்தை டயப்பர் என்று அதற்கு ஒரு பட்டியல் உண்டு. அன்றைக்கு அடித்தது அழுகின முட்டையை மத்தாப்பில் வாட்டின மாதிரி ஒரு வாடை. ஓரத்துத் தண்ணீரில் சோப்பு நுரை போல ஒன்று மஞ்சளாகத் திரண்டு, ஆகாயத்தாமரைத் தண்டுகளில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதற்கு நடுவில் ஜிலேபி மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. காக்கா ஒன்று ஒரு மீனைக் கொத்தியது, யோசித்தது, அலகைக் கல்லில் தேய்த்துவிட்டுப் போய்விட்டது. கோழிக்குடலைத் தின்னுகிற காக்கா. எனக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. மகள் பசியோடு இருக்கிறாள் என்பதுதான் மனசில் ஓடியது. தூண்டிலைப் போட்டேன். முதலில் ஒரு பான்பராக் சரம் வந்தது. அடுத்து ஒரு டயப்பர், நிறைந்த வயிறோடு. அதைக் கொக்கியிலிருந்து கழற்றியதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. "இன்னைக்கு உங்களுக்கு யோகம் பாய், எல்லாம் உங்களைத் தேடியே வருது" என்றார் அண்ணாச்சி.

அதற்கு அடுத்து தக்கை உள்ளே போனது. இழுத்தேன். கெண்டை, என் முழங்கை நீளம். நானாகப் பிடித்த மீன். அது துள்ளவில்லை. களைத்துப்போய் ஆட்டோவில் ஏறுகிற ஆள் மாதிரி சும்மா வந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. செல்போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா என்று நினைத்தேன். வேண்டாம், கொண்டுபோய் முன்னால் வைத்து முகத்தைப் பார்க்கலாம் என்று முடிவு செய்துகொண்டு, அரிவாள்மணையை எடுத்துக் கரையில் உட்கார்ந்தேன்.

செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் இருந்தது. அதில் வெள்ளி மினுக்கம். வயிற்றைக் கீறினேன். கறுப்பாக, ரோட்டுக்கு ஊற்றுகிற தார் போல ஒன்று வழிந்து விரலில் ஒட்டியது. தேய்த்தால் போகவில்லை. முகர்ந்து பார்த்தேன், முகர்ந்திருக்கக்கூடாது. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அந்த வாடை தெரியாமல் போகாது. மருந்து வாடை. பட்டாசு மருந்து.

எழுந்து மடைப்பக்கம் நடந்தேன். சேற்றில் பாதி புதைந்து சாக்கு மூட்டைகள் கிடந்தன. ஒன்று பிய்ந்து, லேபிள்கள் ஈரத்தோடு கரையில் ஒட்டியிருந்தன. ஒரு புலி என்னைப் பார்த்தது. அதற்கு மீசை மூக்குக்கு மேலே இருந்தது. அச்சில் பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் விலகி விழுந்த என் கைங்கர்யம். அந்த லோடு முழுவதையும் விலை குறைத்து அண்ணாச்சி தலையில்தான் கட்டியிருந்தேன். வேறு யாரிடமும் அந்தப் புலி கிடையாது.

"அண்ணாச்சி, இது உங்க சரக்கு மாதிரி இருக்கே."

"மாதிரி என்ன பாய், நம்ம சரக்குதான்" என்றார், தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "மழையில நனைஞ்சு ஆர்டர் திரும்பி வந்திருச்சு. வச்சிருந்தா ஆபத்து, எரிச்சா அதைவிட ஆபத்து. அதான் பத்திரமா தண்ணியில போட்டாச்சு."

"கண்மாயிலயா?"

"பின்ன எங்கன போட? உங்க லேபிள்லயே போட்டிருக்கே." எழுந்து வந்து ஒரு லேபிளை உரித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். புலியின் வாலுக்குக் கீழே பொடி எழுத்தில் நான் அச்சடித்திருந்தேன்: வெடிக்காதவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து அழிக்கவும்.

"அது ஒரு வாளித் தண்ணி அண்ணாச்சி."

"வாளின்னு போடலையே பாய்."

அவர் கிண்டல் பண்ணவில்லை. உண்மையிலேயே ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியில் சொன்னார். எங்கள் ஊரில் பயம் என்றால் அது நெருப்புக்குத்தான். தண்ணீரில் போட்டாச்சு என்று ஒருவன் சொன்னால் எல்லோரும் மூச்சு விடுவோம். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் என்ன ஆனது என்று கேட்டவர் கிடையாது. நானும் கேட்டதில்லை. சாயங்காலம் மெஷின் கழுவுகிற மைத்தண்ணீர் சாக்கடையில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, எங்கோ போய்விடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஓடை எங்கே வந்து விழுகிறது என்று மடையில் நின்றபோது பார்த்தேன். முழுத் தொண்டையில் திட்டலாம் என்று வாயைத் திறந்தவன், பாதித் தொண்டையோடு நிறுத்திக்கொண்டேன்.

"சரி, இந்த மீனைத் திங்கலாமா?"

"கொதிச்சா எல்லாம் செத்துரும். மஞ்சள் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்க."

"அப்ப இன்னைக்கு நீங்க கொண்டு போங்க."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "எங்க வீட்ல கண்மாய் மீன் ஆகாது பாய். தூத்துக்குடி மீன்காரர் சனிக்கிழமையே கொண்டாந்து குடுத்துருவாரு. இது ஒரு மாதிரி வாடை அடிக்கும்ல."

அத்தனை வருஷப் பெரிய மனசும் அந்த ஒரு பேச்சில் நாறிப்போனது.

"மூட்டையை எப்பப் போட்டீக?"

"தீவாளி முடிஞ்ச கையோட."

அப்படியானால் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே. "போன வாரம் குடுத்தீகளே, அது முழுக்க என் மக தின்னா. மாசமா இருக்கிறவ."

அவர் கையிலிருந்த லேபிள் கீழே விழுந்தது. "பாப்பாவா? சொல்லலையே பாய் நீங்க. நீங்கதான் திங்கிறீகன்னு நெனைச்சேன்."

நான் தின்றால் பரவாயில்லை என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்லிவிட முடியாது.

மீனைத் தண்ணீரில் வீச மனம் வரவில்லை. கரையில் குழி தோண்டிப் புதைத்தேன். கையை மூன்று கிணற்றடியில் கழுவியும் அந்தக் கறுப்பு நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.

வீட்டில் மசாலா அரைத்து, புளி கரைத்து, சட்டியை அடுப்பில் ஏற்றி வைத்திருந்தார்கள். மகள் தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்திருந்தாள். வெறும் பையைப் பார்த்ததும் மனைவி சிரித்தாள். "வழக்கம் போலத்தானா?"

"ஆமா, கடிக்கல" என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் ஒருத்தரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். என் பேர் அப்படி. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் அதைச் சொன்னால் போன வாரத்து மீனைப் பற்றி டாக்டரிடம் யார் சொல்வது? நான் பிடித்த மீன், செவுள், மூட்டை, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

மகள் கை வயிற்றுக்குப் போனது. "போன வாரம் தின்னதும் அங்கன உள்ளதுதானா அத்தா?"

"ஆமாம்மா."

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவிதான் அடுப்பை அணைத்தாள். "வண்டிய எடுங்க" என்றாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ரத்தம் எடுத்துக்கொண்டு, மதுரைக்கு அனுப்ப வேண்டும், முடிவு வரச் சில நாள் ஆகும் என்றார். குழந்தை அசைகிறதா என்று கேட்டார். அசைகிறது என்றாள் மகள்.

மறுநாள் காலை அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனதைக் கேள்விப்பட்டிருந்தார். ரிப்போர்ட் வந்துவிட்டதா என்றார். இல்லை என்றதும், "கண்மாய்க்கு வாங்க பாய்" என்றார். போனேன். டிராக்டரும் ஆட்களும் கொண்டுவந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இடுப்பளவு சேற்றில் நின்று மூட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தார். சாக்குகள் வந்தன. உள்ளே அட்டைக் கூழும் புலிகளும் இருந்தன. மருந்து இல்லை. அது கரைந்து, ஊற வேண்டிய இடமெல்லாம் ஊறியாகிவிட்டது.

கரையில் குவித்த மூட்டைகளிலிருந்து கறுப்பாக வடிந்து, வந்த வழியே திரும்பக் கண்மாய்க்குள் இறங்கியது. அண்ணாச்சி முகத்துச் சேற்றைப் புறங்கையால் துடைத்தார்.

"பாய், இப்ப இதை எங்கன போட?"