ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு கட்டம்: கோவையிலிருந்து மைசூருக்கு ஒரு நாள்

வரும் ஜனவரியில் எனக்குக் கல்யாணம். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஞானஸ்நானச் சான்றிதழ் புதிதாக வேண்டும் என்றார்கள். நான் பிறந்தது மைசூரில். அப்பா அப்போது அங்கே ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர். ஆக, போன மாதம் ஒரு வியாழக்கிழமை மைசூருக்குக் கிளம்பினேன். நான் கட்டிக்கொள்ளப்போகும் ஆனந்தின் அம்மா ஸ்டெல்லா அத்தையும் கூட வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊர் பார்க்க ஆசை.

காலை 5.30க்குக் கோவையில் பஸ். டிக்கெட் ஆளுக்கு 270 ரூபாய், தூரம் சுமார் 200 கிலோமீட்டர். 7.20க்குச் சத்தியமங்கலத்தில் டீக்கு நிறுத்தினார்கள். அத்தை கீழே இறங்கியிருந்த நேரத்தில் அப்பா போன் செய்தார். சான்றிதழை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடு, பழைய பதிவேடு எதையும் திறக்க விடாதே என்றார். ஏன் என்று கேட்டேன்.

"உங்க தாத்தாவோட அப்பா முனிசிபாலிட்டில தோட்டி வேலை பாத்தவரும்மா. அந்த புக்ல எழுதியிருக்கு. அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

முனிசிபாலிட்டியில் உத்தியோகம் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். தாத்தா மில்லுக்குப் போனவர். நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறேன். நூறு வருடத்துக்கு முன்பு மலவாளி சுமந்த ஒருவருக்காக நான் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அத்தை பஸ்ஸில் ஏறி வந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் என்பவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். நான் பதினோராவது வளைவில் பையைத் தேடினேன். அத்தை என் முதுகைத் தடவிவிட்டார். அந்தக் கை விலகிப்போய்விடுமே என்றுதான் எனக்குப் பயம்.

சாமராஜநகர் 9.50. மைசூர் 11.35. நான் ஞானஸ்நானம் பெற்ற கோயில் இருக்கும் மண்டி மொஹல்லா பக்கம் போக ஆட்டோவுக்கு 90 ரூபாய். சந்துகளில் ஸ்கூட்டர்கள் வழிவிடவில்லை. டிரைவர் கன்னடம் கலந்த தமிழில் பேச்சுக் கொடுத்தார். "நீங்க தமிழா அக்கா? நம்ம பக்கத்து வீட்லயும் தமிழ்காரங்க இதாரே. உங்க மனெயவரு இங்க ஏன் கெலச பண்ணாங்க?" எங்கள் வீட்டார் இங்கே என்ன வேலை பார்த்தார்கள் என்றுதான் கேட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் இருந்த பெண் பத்தே நிமிடத்தில் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். கட்டணம் 100. எழுந்தே விட்டேன். அப்போது அவர், எங்கள் குடும்பம் அந்தப் பங்கில் பழைய குடும்பம், தாத்தாவின் பதிவும் இருக்கும், பார்க்கிறீர்களா என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். "வந்தது வந்தோம், பாத்துட்டே போலாங் கண்ணு" என்று அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பதிவேடு வந்தது. அத்தையின் விரல் தாத்தாவின் பெயரில் நின்று, தகப்பன் பெயருக்கு நகர்ந்து, அடுத்த கட்டத்துக்குப் போனது. தகப்பன் தொழில். ஆங்கிலத்தில் ஒரே சொல். அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, இன்னொரு முறை படித்தார். நன்றி சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

வெளியே ஓர் ஓட்டலில் செட் தோசை வைத்தார்கள். இரண்டு பேரும் தொடவில்லை.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"இன்னிக்குக் காலைலதான் தெரியும் அத்தை. சத்தியில."

"அதான் பஸ்ல அப்படி ஆச்சா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாமாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் காலம் முழுக்க இந்தப் பயத்தோடு அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். 2.30 பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அத்தை தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தார்.

ஆனந்திடம் அன்றே சொன்னேன். மறுநாள் அவன் தன் அப்பாவிடம், அதாவது மாமாவிடம், சொன்னான். ஆறு நாள் அந்த வீட்டிலிருந்து போன் இல்லை. என் அப்பா என்னோடு பேசவில்லை. ஏழாம் நாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணம் நடக்கட்டும், வெளியே மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். சரி என்று தலையாட்டினேன். பயந்துதான் ஆட்டினேன்.

போகிறவர்களுக்கு: பெற்றோர் பெயர், பிறந்த தேதி, ஆதார் நகல் கையில் இருக்கட்டும். மதியம் ஒரு மணிக்குள் அலுவலகம் போய்விடுங்கள். திம்பத்தில் இரவு வண்டி விடமாட்டார்கள், அதனால் மூன்று மணிக்குள் மைசூரை விட்டுவிடுங்கள். பழைய பதிவேட்டைக் கேட்டால் காட்டுகிறார்கள். வீட்டில் மூடி வைத்த விஷயம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பஸ்ஸில் கேட்க நேர்ந்தால் கஷ்டம்.

மாமாவின் தங்கைகள் இந்த வலைப்பதிவைப் படிக்கிறவர்கள். இதைப் போட்டபின் என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனந்திடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு முறை படித்தான். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, "போடு" என்றான்.