கொரட்டி குடித்த சுருட்டு

மத்தேயுவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. வீடு வாசல் அல்ல, காணி பூமி அல்ல, ஒரு சுருட்டு. சிரிக்காதீர்கள்! இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் மண்வெட்டி பிடித்த மனிதர் அவர். துரைமார் மாறினார்கள், பிறகு பங்களாவே வெளிநாட்டுக்காரர் தங்கும் விடுதியானது. யார் வந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் உட்கார்ந்து தடித்த சுருட்டொன்றைப் பற்றவைப்பார்கள். அந்த வாசம் மெல்ல இறங்கி ரோஜாப் பாத்திக்கு வரும். விறாந்தையடி ரோஜாக்களுக்கு மட்டும் அத்தனை கவனிப்பு ஏன் என்று இப்போது விளங்குகிறதா? மற்றப் பாத்திகள் கேட்பாரற்றுக் கிடந்தன.

அவருடைய கடைசி வேலை நாளன்று, ஊருக்குப் புறப்பட்ட வெள்ளைக்காரர் ஒருவர் அந்த ரோஜாக்களில் சொக்கிப்போய், கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த சுருட்டொன்றைக் கையில் கொடுத்தார். கியூபா நாட்டுச் சரக்கு. இனி இந்த மாதிரி செய்யமாட்டார்கள், தன்னிடமே இரண்டுதான் மிச்சம் என்றார். பாவி மனிதர், ஒரு மாதம் முந்தி வந்திருக்கக் கூடாதா? போன வாரம்தான் பதுளை ஆஸ்பத்திரி டாக்டர், பீடியால் கெட்ட அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "இனி ஒரு இழுவை இழுத்தாலும் என்கிட்ட வராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

மூன்று நாள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு புரண்டார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மனைவியிடம் கேட்டேவிட்டார்.

"கொரட்டி, நீ குடிச்சு எனக்கு ருசிய சொல்றியா?"

"புத்தி கித்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?" என்றாள் மரியகொரட்டி. வெற்றிலை தவிர எதையும் வாயில் வைத்தறியாதவள். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "கொண்டாங்க, சனியன."

அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், காற்று பள்ளத்துப் பக்கம் போகிற இடமாகப் பார்த்து அவளைச் சுவரோரக் கல்லில் உட்காரவைத்தார். தான் பத்தடி தள்ளிக் கொய்யா மரத்தடியில். எத்தனை வருஷம் பார்த்துப் படித்த வித்தை!

"நெருப்ப முட்ட விடாத. சூட்டுல காட்டித் திருப்பு. ஆ, அப்படித்தான். நெஞ்சுக்குள்ள எடுக்காத, வாயிலேயே வெச்சிருந்து விடு."

கொரட்டி இருமினாள், திட்டினாள், மறுபடி இழுத்தாள்.

"என்னா ருசி?"

"மிளகு. நாக்கு எரியுது."

"அப்புறம்?"

"கோப்பிக் கொட்ட வறுக்கிற மாதிரி." கொஞ்சம் யோசித்தாள். "இப்ப இனிக்குது. கித்துள் கருப்பட்டி."

மத்தேயு கண்ணை மூடிக்கொண்டார். மிளகு, கோப்பி, கருப்பட்டி. நாக்கில் எச்சில் ஊறியது. அடேயப்பா, எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது!

"அப்புறம்?"

கண்ணைத் திறந்தார். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து புகையோடு கலந்துவிட்டிருந்தது. எது பனி, எது புகை என்று தெரியவில்லை. நடுவில் கொரட்டி காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாம்பல் விரல் நீளத்துக்கு உதிராமல் நின்றது. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் சுருட்டை மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தன. அவள் எங்கேயோ போயிருந்தாள். கலியாணத்தன்றுகூட அவர் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. வெள்ளன நாலு மணிக்கு எழும்பி, எல்லோருக்கும் ரொட்டி சுட்டு, மிச்சத்தை நின்றபடியே தின்றுவிட்டு கொழுந்து பறிக்க மலைக்கு ஓடிய முகம்தான் அவருக்குத் தெரியும்.

"அப்புறம் என்னா ருசி? சொல்லு புள்ள!"

கொரட்டி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"சொல்லமாட்டேன் போங்க. இது எனக்கு."

மத்தேயுவுக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷ ஆசை, இதோ வாசலில் நின்றுவிட்டதே! கோபமாக வாயைத் திறந்தார். ஆனால் இந்த நாற்பது வருஷத்தில் அவள் எதையாவது தனக்கென்று கேட்டிருக்கிறாளா என்று யோசித்தார். ஒரு மீன் துண்டு? ஒரு புதுச் சேலை? யோசிக்க யோசிக்க ஒன்றும் அகப்படவில்லை.

எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தார்.

"மெதுவாக் குடி புள்ள. தேத்தண்ணி நான் ஊத்துறேன்."